குற்றாலம்: மாவட்டப் பெயர்களும் அஞ்சல் எண்ணும்

குற்றாலம், தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள அருவி ஊராகும். 1986 முதல் 2019 வரை இவ்வூரின் மாவட்டப் பெயர் மூன்று முறை மாறியது.

1986 அக்டோபர் 20 அன்று திருநெல்வேலி மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. குற்றாலம் இருந்த மேற்குப் பகுதிக்கு நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் எனப் பெயரிடப்பட்டது. இப்பகுதியின் அரசுப் பேருந்துகளும் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தின் பெயரிலேயே ஓடின.

1997இல், கட்டபொம்மனின் தளபதியும் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவருமான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரில் புதிய போக்குவரத்துக் கழகம் அறிவிக்கப்பட்டது. அதற்கு எழுந்த எதிர்ப்பு தென்மாவட்டங்களில் சாதிக் கலவரமாக மூண்டது. அதையடுத்து, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையும் அரசு நீக்கியது. ஒருவரின் பெயரை ஏற்க மறுத்ததால் எல்லோரின் பெயர்களும் மறைந்தன. மாவட்டம் மீண்டும் திருநெல்வேலி ஆனது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகி, குற்றாலம் அதனுள் வந்தது.

இத்தனை மாற்றங்களிலும் பழைய முகவரியை எழுதியவர்களின் கடிதம் வழிதவறாமல் இருக்க உதவியது அஞ்சல் குறியீட்டு எண். 1972 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் அறிமுகமான இந்த ஆறு இலக்க எண், மாவட்டப் பெயரைச் சார்ந்தது அன்று. அது அஞ்சல் நிலையத்தைக் குறிப்பது. குற்றாலத்தின் எண் 627802. மூடப்படும் இணையதளத்திற்கு வருவோரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட 301 என்னும் குறியீடு பயன்படுகிறது. அஞ்சலிலோ திருப்பிவிடும் தேவையே எழவில்லை. பெயர் மாறினாலும் எண் மாறவில்லை.