கிரீன்லாந்து பனிக்குள் உறையாத நீர்: கணினி மாதிரிகள் திணறுவது ஏன்?

கிரீன்லாந்தில் கோடையில் உருகும் பனிநீர் முழுவதும் கடலைச் சென்றடைவதில்லை. அதில் ஒரு பகுதி, மேற்பரப்புக்குக் கீழுள்ள இறுகிய பனி அடுக்கில் ஊறித் தங்கிவிடுகிறது. எவ்வளவு தங்கும், எவ்வளவு காலம் தங்கும் என்ற கணக்கு பிழைத்தால், கடல்மட்ட உயர்வு பற்றிய மதிப்பீடும் பிழைபடும்.

'ஃபிர்ன்' எனப்படும் இந்த அடுக்கு, புதுப்பனிக்கும் பனிக்கட்டிக்கும் இடைப்பட்டது. கிரீன்லாந்து பனிவிரிப்பின் சுமார் 80 சதவீதப் பரப்பில் இது காணப்படுகிறது. மேலே பொழியும் பனியின் எடையால் இறுகினாலும், துகள்களுக்கிடையே காற்றுத் துளைகள் எஞ்சியிருக்கும். அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 830 கிலோவை எட்டும்போது துளைகள் அடைபடும். அதன்பின் நீர் ஊற இடமில்லை.

உட்புகும் நீர் குளிரில் மீண்டும் உறைந்துவிடும் என்றே பெரும்பாலும் கருதப்பட்டு வந்தது. 2011 ஏப்ரலில், உருகும் பருவம் தொடங்கும் முன்பே, தென்கிழக்கு கிரீன்லாந்தில் ஆய்வாளர்கள் துளையிட்டபோது பனிக்குள் நீர் இருந்தது. குளிர்காலம் முழுவதையும் உறையாமல் கடந்த நீர் அது. அப்பகுதியில் மிகுதியாகப் பொழியும் பனி, போர்வைபோல் மூடிக் குளிரைத் தடுப்பதே காரணம். நாசா விமானங்களின் ரேடார் தரவுகளும் வட்டாரக் காலநிலை மாதிரியும் துணைபுரிய, இந்நீர்த்தேக்கத்தின் பரப்பு சுமார் 70,000 சதுர கிலோமீட்டர் என மதிப்பிடப்பட்டது. நீரின் அளவு ஏறத்தாழ 14,000 கோடி டன் என 2014-இல் கணக்கிடப்பட்டது. அனைத்தும் கடலில் கலந்தால் உலகக் கடல்மட்டம் சுமார் 0.4 மில்லிமீட்டர் உயரும்.

இந்த நீரை மாதிரிகளில் கொண்டுவருவதுதான் சிக்கல். எளிய வழி 'வாளி முறை'. பனியை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு வாளியாகக் கொள்வர். நிரம்பியது போக மிஞ்சுவது அடுத்த வாளிக்கு இறங்கும். கணக்கு விரைவில் முடியும். ஆனால், உண்மையில் நீர் சீராக இறங்குவதில்லை. குறுகிய செங்குத்துத் தடங்கள் வழியே சட்டெனப் பல மீட்டர் ஆழம் செல்லும். சில இடங்களில் பனிக்கட்டித் தகடு குறுக்கிட்டுத் தடுத்துவிடும். மண்ணில் நீர் பரவுவதை விளக்க 1931-இல் வெளியான ரிச்சர்ட்ஸ் சமன்பாடு நுட்பமானது. எனினும், துகள் அளவு போன்ற விவரங்கள் அதற்குத் தேவை.

வெப்பமும் சேர்ந்து குழப்புகிறது. ஒரு கிலோ நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம், சுமார் 160 கிலோ பனியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தப் போதுமானது. எனவே, நீர் இறங்கும் ஆழத்தில் நேரும் சிறு பிழையும் வெப்பநிலைக் கணக்கைப் புரட்டிவிடும்.

2020-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் ஒன்பது மாதிரிகள் கிரீன்லாந்தின் நான்கு இடங்களில் சோதிக்கப்பட்டன. உருகாத உலர்பனிப் பகுதியில் அவை ஓரளவு ஒத்துப்போயின. பிற இடங்களில் வெகுவாக வேறுபட்டன. ஆழமாக நீரை இறக்கும் மாதிரிகள் நீர்த்தேக்கப் பகுதியில் சரியாகப் பொருந்தினாலும், வேறு இரு இடங்களில் ஆழத்தை மிகைப்படுத்தின. எல்லா இடங்களுக்கும் பொருந்தும் ஒரே மாதிரி எதுவும் தேறவில்லை.

ஃபிர்னின் துளைகள் நிறைந்துவிட்டால் நேர்வது என்ன என்பதற்கு அண்டார்டிக் தீபகற்பம் சான்று. உருகுநீர் ஊற இடமின்றி மேற்பரப்பில் குளங்களாகத் தேங்கி, பிளவுகளுக்குள் இறங்கி அவற்றை ஆழப்படுத்தியதே 2002-இல் லார்சன் பி பனித்திட்டு சில வாரங்களில் நொறுங்கியதற்கு முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது. சிதறிய பரப்பு சுமார் 3,250 சதுர கிலோமீட்டர்.