நூற்றாண்டு கடந்த படச்சுருள்

பாட்டனார் காலத்துக் கமரா ஒன்று கைக்கு வந்துசேரும்போது, அதைக் கொண்டு இன்றும் படம் பிடிக்க இயலுமா என்னும் ஐயம் எழுதல் இயல்பு. வில்லை தெளிவாயிருக்கலாம், பொறிகளும் பழுதின்றி இயங்கலாம். ஆயினும், அக்கமராவுக்குரிய படச்சுருள் இன்று கிடைக்காதாயின் அது காட்சிப்பொருளாகவே எஞ்சும். கமராவின் ஆயுளைச் சுருளே வரையறுக்கின்றது. இவ்வுண்மையை விளக்க, 1901 ஆம் ஆண்டிலே தோன்றி இன்றும் வழக்கொழியாத 120 ஆம் இலக்கச் சுருளின் வரலாறு ஒன்றே போதும்.

1888 இல் அமெரிக்கரான ஜோர்ஜ் ஈஸ்ற்மன் 'கொடாக்' என்னும் பெயரில் ஒரு கமராவை விற்பனைக்கு விடுத்தார். நூறு படங்களுக்கான சுருள் அதனுள்ளே முன்னரே இடப்பட்டிருந்தது. படங்கள் முடிந்ததும் கமராவையே றொச்செஸ்ரர் நகரத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பவேண்டும். வெளிச்சத்திலே சுருளை மாற்றும் வழி அக்கமராவில் இல்லாமையே அதற்குக் காரணம். இக்குறையைத் தீர்க்க வழிகண்டவர் பொஸ்ரன் நகரத்துச் சாமுவேல் ரேணர் என்பவர். 1892 இல் வெளிவந்த அவருடைய கமராவிலே, படலத்தின் முதுகில் ஒளிபுகாத தாள் சேர்த்துச் சுற்றப்பட்டது. அத்தாளில் அச்சிடப்பட்ட எண்கள் கமராவின் பின்புறத்துச் சிவப்புச் சாளரத்தின் வழியே தெரிந்தன. அக்காலப் படலம் செந்நிற ஒளிக்கு உணர்ச்சியற்றது. ஆதலால் சாளரத்தால் தீங்கு நேரவில்லை. இம்முறையின் பயனை உணர்ந்த ஈஸ்ற்மன், 1895 இல் ரேணரின் நிறுவனத்தையே விலைக்கு வாங்கிக்கொண்டார்.

1900 இல் ஒரு டொலர் விலையில் 'பிறவுனி' என்னும் எளிய பெட்டிக் கமரா வெளிவந்தது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் இலக்கப் பிறவுனிக்கென ஆக்கப்பட்டதே நாம் கூறும் சுருள். பிற்காலத்தில் கொடாக் நிறுவனம் தன் சுருள்களுக்கு வரிசை எண் இட்டபோது இதற்கு 120 என்னும் எண் வாய்த்தது. அது நீளத்தையோ அகலத்தையோ குறிப்பதன்று. வெறும் வரிசை எண்ணே.

தொடக்கத்தில் இச்சுருளில் ஆறு சதமமீற்றருக்கு ஒன்பது சதமமீற்றர் அளவான படங்களே எடுக்கப்பட்டன. பின்வந்தோர் அதே சுருளில் ஆறுக்கு ஆறு அளவில் பன்னிரண்டும், ஆறுக்கு நாலரை அளவில் பதினாறும் எடுக்கக் கமராக்களை அமைத்தனர். அதற்கேற்ப முதுகுத் தாளிலே மூன்று வரிசை எண்கள் இடம்பெற்றன. புதியது வந்தபோது பழையது தள்ளப்படவில்லை. இரண்டும் ஒரே தாளில் இடம் பெற்றன.

ஜெர்மனியின் பிறவுன்ஷ்வைக் நகரில் 1920 இல் பிராங்கே, ஹைடெக்கே என்னும் இருவர் நிறுவிய தொழிலகம், 1929 இல் 'றொலைபிளெக்ஸ்' என்னும் இரட்டை வில்லைக் கமராவை வெளியிட்டது. மேல்வில்லை காட்சியைக் காட்டும். கீழ்வில்லை படத்தைப் பதிக்கும். முதற் கமரா 117 ஆம் இலக்கச் சுருளை ஏற்றது; அதில் ஆறு படங்களே எடுக்க முடிந்தது. 1932 இல் வந்த கமரா 120 ஆம் இலக்கத்துக்கு மாறியது. அம்மாற்றத்தின் பயனைக் காலம் காட்டிற்று. 117 ஆம் இலக்கச் சுருளின் உற்பத்தி 1949 இல் நின்றுபோயிற்று. 1932 இல் வந்த கமராவோ இன்றும் சுருள் பெறுகின்றது.

அக்காலத்திலேயே கொடாக் நிறுவனம் 620 என்னும் இன்னொரு சுருளையும் வெளியிட்டது. படலமும் தாளும் 120 ஆம் இலக்கத்தினவே. சுற்றப்பட்ட உருளை மட்டும் மெலிந்தது. 1995 இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அச்சிறு வேற்றுமையால் எண்ணற்ற கமராக்கள் ஒரே நாளில் அனாதைகளாயின. இன்று அவற்றைப் பயன்படுத்துவோர், இருட்டறையில் 120 ஆம் இலக்கச் சுருளைப் பழைய 620 உருளைக்கு மாற்றிச் சுற்றியே தம் ஆவலைத் தீர்த்துக்கொள்கின்றனர்.

ஆகவே, இக்கலையைப் புதிதாகத் தொடங்குவோர் முதலில் நோக்கவேண்டியது கமராவின் உட்புறத்தில் எழுதப்பட்டுள்ள சுருளின் எண்ணையே. மடிப்புக் கமராவாயின், இருட்டறையில் துருத்தியினுள்ளே மின்சூள் ஒளியைப் பாய்ச்சி, ஓட்டை உண்டோ எனக் காணுதல் வேண்டும். ஷட்டரின் மெதுவான வேகங்கள் தயங்குகின்றனவா எனக் காதால் கேட்டறியலாம். இன்றைய படலம் செந்நிறத்தையும் உணருமாதலால், சிவப்புச் சாளரத்தை மூடியே வைத்துச் சுருளை நகர்த்தும்போது மட்டும் நிழலில் நின்று திறத்தல் நன்று. ஒளிமானி இல்லாவிடினும் கவலையில்லை. நிழல் கூர்மையாக விழும் வெயிலில், 100 வேகமுள்ள சுருளுக்குத் துவாரத்தை 16 இலும், ஷட்டரை வினாடியின் நூறிலோ நூற்றிருபத்தைந்திலோ ஒரு பங்கிலும் வைத்தால் படம் தவறாது.

பன்னிரண்டு படங்களே உள்ள சுருள், எடுப்பவரைச் சிந்திக்கவும் வைக்கின்றது. அதன் சதுரப் படலம், முப்பத்தைந்து மில்லிமீற்றர்ச் சுருளின் படலத்தைவிடப் பரப்பில் மூன்றரை மடங்குக்கு மேற்பட்டது. பெருக்கி அச்சிடும்போது நுட்பம் கெடுவதில்லை.

கொடாக் நிறுவனம் 2012 இல் நொடிப்புப் பாதுகாப்பு நாடியது. பிறவுன்ஷ்வைக் தொழிலகமோ அதற்கு முன்னரே, 1981 இல், நொடித்தது. எனினும் 120 ஆம் இலக்கச் சுருள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் செக் நாட்டிலும் இன்றும் ஆக்கப்படுகின்றது. ஒரு நிறுவனத்தின் மலிவான பெட்டிக்கென ஆக்கப்பட்ட அளவைப் பல நாட்டுக் கைவினைஞரும் ஏற்றுக்கொண்டமையால், அது எந்த ஒருவரின் வீழ்ச்சியோடும் வீழவில்லை. பலருக்குப் பொதுவான அளவு, அதை முதலில் வகுத்தவரையும் கடந்து வாழும் என்பதற்கு, தாள் சுற்றிய இச்சிறு சுருள் தக்க சான்றாகும்.