பூசணிக்கு முகம் வந்த கதை

ஆயுத பூஜை அன்று மாலை கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால் ஆலை வாசலெல்லாம் சிவந்து கிடக்கும். வெண்பூசணியின் தலையில் சதுரமாக ஒரு துண்டு வெட்டி எடுத்து, உள்ளே குங்குமமும் சில்லறையும் போட்டு மூடி, மேலே சூடம் ஏற்றி, மெஷினுக்கும் லாரிக்கும் சுற்றிக் காட்டிப் போட்டு உடைப்பார்கள். சில்லறை பொறுக்கப் பொடியன்கள் முன்கூட்டியே வந்து நிற்பார்கள். சிதறியதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போக மட்டும் யாருக்கும் நேரம் இருக்காது. பின்னால் பைக்கில் வருகிறவன் பாடு அவனோடு.

உடைபடுவதற்கு முன் பூசணிக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. சாரம் பிரிக்காத புது வீட்டு முகப்பில் முட்டைக்கண், முறுக்கு மீசை, வெளியே தள்ளிய நாக்கோடு அது தொங்கும். எத்தனையோ காய் இருக்க இதற்கு ஏன் பூசணி? முற்றிய காயின் மேல் படிந்திருக்கும் வெள்ளைப் பொடி ஒரு வகை மெழுகு. உள்ளே இருக்கும் நீர் வற்றாமல் அது காக்கும். அடிபடாமல் உறியில் கட்டினால் மாதக்கணக்கில் அழுகாது. கொத்தனார் வேலையை முடிக்கும்வரை தாங்குகிற காவல்காரன் அது.

உடம்பில்லாமல் முகம் மட்டும் வாசலுக்கு வந்ததற்குப் புராணத்தில் ஒரு கதை உண்டு. ஜலந்தரன் என்ற அசுரன் ராகுவைச் சிவனிடம் தூது அனுப்பினான். சிவனின் புருவ நடுவிலிருந்து சிங்க முகத்தோடு ஒரு பூதம் புறப்பட்டு ராகுவை விழுங்கப் போனது. ராகு சரணம் என்று விழ, சிவன் அவனை விட்டுவிட்டார். பூதத்துக்கோ பசி அடங்கவில்லை. உன்னையே தின்றுகொள் என்றார். அதுவும் கை காலில் தொடங்கி முகம் மட்டும் மிஞ்சும்வரை தின்று தீர்த்தது. மனம் குளிர்ந்த சிவன் கீர்த்திமுகம் என்று பேரிட்டு வாசலில் வைத்துக்கொண்டார். உற்சவர் திருவாசியின் உச்சியில் கோரைப் பல்லோடு முறைக்கிறதே, அதுதான்.

கோயிலுக்குக் கல்லும் பித்தளையும் கட்டும். தோட்டக்காரன் விரிசல் விட்ட மண்சட்டியைக் கவிழ்த்துக் கரி பூசி, சுண்ணாம்புப் புள்ளி வைத்து, வைக்கோல் உடம்புக்குப் பழைய சட்டை மாட்டினான். காசு செலவே இல்லை.

அயர்லாந்திலும் கையில் கிடைத்ததுதான் முகமானது. அக்டோபர் 31 இரவில் ஆவிகள் நடமாடும் என்று நம்பிய கிராமத்தார் டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கு வைத்தார்கள். டோனெகல் மாவட்டத்து ஃபின்டவுனிலிருந்து 1943-இல் அப்படி ஒரு கிழங்கு அந்நாட்டு அருங்காட்சியகத்துக்கு வந்தது. அது உதிர்ந்துவிடும் நிலையில் இருந்ததால் பிளாஸ்டரில் வார்ப்பு எடுத்து வைத்திருக்கிறார்கள். வற்றிச் சுருங்கிய அந்த முகத்துக்கு முன்னால் கடையில் சிரிக்கிற பிளாஸ்டிக் பேயெல்லாம் ஒன்றுமே இல்லை. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான ஐரிஷ்காரர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அங்கே பரங்கிக்காய் மலிவு, பெரிது, குடைவதும் சுலபம். கிழங்கின் இடத்தை அது பிடித்துக்கொண்டது.

இப்போது அந்தப் பரங்கி நம்மூர் இங்கிலீஷ் மீடியம் எல்.கே.ஜி. வகுப்புக்கும் வந்துவிட்டது. பிள்ளை பேய் வேஷம் கேட்கிறது, வாசலில் பேய் முகமும் கேட்கிறது. ஆன்லைனில் ஆரஞ்சு பிளாஸ்டிக் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை. சின்னதாக ஒரு வெண்பூசணி போதும். வெள்ளைப் பொடியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் மேல் கரி ஒட்டாது. மூடியை உள்பக்கம் சரிவாக அறுத்தால் காய்க்குள் விழாது. சதையை வழித்தெடுத்துக் கண்ணுக்குத் துளை போடுங்கள். கத்தி பெரியவர்கள் கையிலேயே இருக்கட்டும். கரியும் குழைத்த அரிசி மாவும் பிள்ளைகளுக்கு. நாக்குக்குச் சிவப்புத் துணி. உள்ளே மெழுகுவத்தி வேண்டாம், சின்ன டார்ச் ஒன்று வைத்தால் கண் வழியே வெளிச்சம் வரும். குடைந்த பிறகு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. வழித்தெடுத்த சதையை அன்றைக்கே மோர்க்குழம்பில் போட்டுவிடலாம்.