குன்றத்தூர்ப் புலவரும் வாத்தியங்களின் ஆதார சுருதியும்

குன்றத்தூரில் அவதரித்து, இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் (1133–1150) அமைச்சராய் விளங்கி, பெரிய புராணத்தை அருளிய சேக்கிழாரைப் பக்திக் கவியாகக் கொண்டாடும் நாம், வாத்தியங்களின் இலக்கணத்தை நுட்பமாக அறிந்த இசை வல்லுநராக அவரைப் போற்றாமல் விட்டது பெருங்குறை என்பது என் அபிப்பிராயம்.

ஆனாய நாயனார் புராணத்தை எடுத்துக்கொள்வோம். மழநாட்டுத் திருமங்கலத்தில் ஆநிரை மேய்த்த அவ்வடியார் கொன்றை மரத்தெதிரே நின்று குழலூதிய வரலாற்றைச் சொல்ல வந்த கவி, மூங்கிலை அடியும் நுனியும் அளந்து அரிவதையும், சுரத்தானங்களுக்கு இசைய அங்குல இடையீட்டில் துளையிடுவதையும், முல்லைப்பண் எழுப்புகையில் தாரமும் உழையும் கிழமை பெறுவதையும், ஆதாரமாகிய பட்டடைக் குரலைக் குறித்துக் கொடிப்பாலையில் நிறுத்துவதையும் வரிசை பிறழாமல் வைக்கிறார். குழலைக் கையில் எடுத்து அறியாதவர் இவ்வாறு பாடியிருக்க இயலுமா?

மிடற்றிசைக்கும் கருவியிசைக்கும் உள்ள உறவை அவர் மறந்தாரில்லை. திருஞானசம்பந்தரின் பதிகங்களை யாழிலிட்டு வாசித்துவந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர், தருமபுரத்தில் தம் உறவினர் அப்பதிகங்களின் பெருமையை யாழுக்கு உரியதாக்கிப் பேசக் கேட்டு நடுங்கி, யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடியருளும்படி வேண்ட, சம்பந்தர் பாடிய யாழ்மூரிப் பதிகத்தைத் தொடர முடியாமல் யாழையே முறிக்க ஓங்கினார் என்பதும், சம்பந்தர் அதைத் தடுத்து இயன்ற அளவில் வாசிக்கப் பணித்தார் என்பதும் பெரிய புராணம் கூறும் சரித்திரம்.

ஒன்றன் சுருதிக்கு மற்றொன்றை இசைவிக்கும் கணக்கை ஐரோப்பியர் ஏட்டில் எழுதித் தீர்த்தனர். அளவு வேறுபட்ட கிளாரினெட்டுகளை ஒரே விரலடைவில் வாசிக்கும் பொருட்டு, ‘பி பிளாட்’ கிளாரினெட்டுக்கு ஒலிப்பதினும் ஒரு முழுச்சுரம் உயர்த்தி எழுதுவது அவர்கள் சம்பிரதாயம். ஆகவே பியானோ ‘சி’யில் நிற்க, கிளாரினெட்டின் ஏடு ‘டி’யில் நிற்கும், செவிக்கோ இரண்டும் ஒன்றே. நம்மவர்க்கு இந்தக் கணக்கு ஏட்டில் வேண்டியிருக்கவில்லை. ‘ச’ என்பது பாடுவோரின் சாரீரத்தைப் பொறுத்து நிற்பதாதலின், ஒரு கட்டைப் பாடகருக்கு நீண்ட குழலும் ஐந்து கட்டைப் பாடகிக்குக் குறுகிய குழலுமாக மாற்றி எடுத்து, அதே விரலடைவில் அதே சுரங்களை வாசித்துவிடுவார் குழல் வித்துவான்.

கட்டை என்ற இவ்வளவை நமக்குத் தந்தது, 1842-ல் பாரிஸில் டெபேன் என்பவர் உரிமை பெற்றதும், பின்னர் கல்கத்தாவில் கையால் துருத்தி இயக்கும் உருவம் பெற்றதுமான ஹார்மோனியம். அதன் வெள்ளைக் கட்டைகளில் ‘சி’ ஒன்று, ‘டி’ இரண்டு, ‘ஜி’ ஐந்து; ‘சி’க்கும் ‘டி’க்கும் இடையிலுள்ள கறுப்புக் கட்டை ஒன்றரை. நாடக மேடைகளில் நடிகரின் சாரீரத்துக்கேற்பக் கட்டை மாற்றி வாசித்த ஹார்மோனியக்காரரே நம் நாட்டின் பியானோ பக்கவாத்தியக்காரர் எனலாம். கமகத்துக்கு இடங்கொடாதென்று 1940-ல் அகில இந்திய வானொலி அக்கருவியை விலக்கியது. அது நியாயமே என்றாலும், அது விட்டுச்சென்ற கட்டைக் கணக்கில்தான் இன்றும் ஒவ்வொரு வித்துவானும் தம் சுருதியைச் சொல்கிறார்.

வைகாசிப் பூசத்தில் குன்றத்தூரில் சேக்கிழாரின் குருபூசை நடத்தும் அன்பர்கள், ஆனாயர் புராணத்தை ஓதுவார் ஒருவர் பாட, குழல் வித்துவான் ஒருவர் அதில் கூறியபடியே பண் நிறுத்திக் காட்டுமாறு ஏற்பாடு செய்தல் வேண்டும்.