கெவுடா: காலடியில் கிடந்த நீலம்

இரத்தினபுரி, பெல்மதுளை, இறக்குவானை, நிவித்திகலை ஆகிய ஊர்களின் மாணிக்கக் குழிகளில் தலைமுறை தலைமுறையாக ஒருவகைக் கல் கிடைத்து வந்தது. பால் கலந்த நீரைப்போல் மங்கலாக இருக்கும். சில கற்கள் டீசல் எண்ணெயின் பழுப்பு நிறம் காட்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பட்டுநூல் ஓடியதுபோல் உள்ளே ஒரு மினுக்கம் தெரியும். சிங்களத்தில் அதற்குக் கெவுடா என்று பெயர்; தமிழரும் அப்பெயராலேயே அதனை வழங்கினர். 1970களுக்கு முன்னர் அதற்கு விலை என்று சொல்லத்தக்கது எதுவும் இருந்ததில்லை. வீட்டு முற்றத்திலும் மீன் தொட்டியிலும் சரளையாகக் கொட்டி வைத்தார்கள் என்று அப்பகுதியில் சொல்வதுண்டு.

அந்தக் கல்லைத் தாய்லாந்து வணிகர்கள் வந்து வாங்கத் தொடங்கினர். மிகக் குறைந்த விலைக்கு வாங்கிச் சென்றவர்கள் பாங்கொக்கிலும் சந்தபுரியிலும் அதனை உலையிலிட்டுச் சுட்டனர். வெளியே வந்தது தெளிவான நீலக்கல். உலகச் சந்தை அதனை இலங்கை நீலம் என்றே ஏற்றுக்கொண்டது. கல்லின் சொந்தக்காரர்களுக்கு இச்செய்தி தாமதமாகவே எட்டியது.

இவ்வரலாற்றைப் பலர் ஏமாற்றத்தின் வரலாறாகவே எழுதியிருக்கின்றனர். எனக்கு இதில் வேறொரு கேள்வி முக்கியமாகப் படுகிறது. காப்புரிமை வழக்குகளில் நீதிபதிகள் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்வி அது. ஒரு புதிய செயல்முறை, அத்துறையில் சாதாரணத் தேர்ச்சி உடைய ஒருவனுக்குத் தானாகவே புலப்பட்டிருக்கக் கூடியதா? ஆம் எனில் அதற்குக் காப்புரிமை கிடையாது.

இக்கோட்பாட்டின் வேர் 1851ஆம் ஆண்டின் ஓர் அமெரிக்க வழக்கில் உள்ளது. மரத்தாலும் உலோகத்தாலும் செய்த கதவுக் குமிழைச் சுட்ட களிமண்ணால் செய்ததற்காக ஒருவர் உரிமை கோரினார். பொருளை மட்டும் மாற்றுவது நல்ல கைவினைஞன் எவனும் செய்யக்கூடியதே என்று உச்ச நீதிமன்றம் அதனை மறுத்தது. 1952இல் அமெரிக்கா இதனைச் சட்டமாகவே எழுதியது. இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் பிஷ்வநாத் பிரசாத் வழக்கில் இதே அளவுகோலைக் கையாண்டது. இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டமும் இதனையே கேட்கிறது.

நம்மவர்களுக்கு மஞ்சள் வழக்கு நினைவிருக்கும். காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை, இந்திய அறிவியல், தொழிலக ஆய்வு மன்றத்தின் எதிர்ப்பால் 1997இல் நீக்கப்பட்டது. அது எளிய வழக்கு. நம் பாட்டிமார் செய்துவந்ததையே மற்றொருவர் உரிமை கொண்டாடினார். கெவுடாவின் கதை அத்தனை எளிதன்று. எங்கள் முன்னோர் கல்லைச் சுடத் தெரிந்தவர்கள்தாம். ஆனால் இந்தக் கல்லை இப்படிச் சுட்டதில்லை.

முதலில் கல்லின் இயல்பைப் பார்ப்போம். மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமத்தின் இரு நிறங்கள். ஆங்கிலத்தில் அக்கனிமத்துக்கு வழங்கும் கொரண்டம் என்னும் பெயர் நமது குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனது. தூய குருந்தம் நிறமற்ற அலுமினிய ஒக்சைட்டு. அதில் குரோமியம் சிறிதளவு கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் இணைந்து கலந்தால் நீலம். கெவுடாவில் இரும்பும் உண்டு, டைட்டானியமும் உண்டு. ஆனால் டைட்டானியத்தின் பெரும்பகுதி கல்லோடு கலவாமல், ரூட்டைல் என்னும் நுண்ணிய ஊசிகளாகப் பிரிந்து நிற்கிறது. நாம் பால் என்றும் பட்டு என்றும் கண்டது அந்த ஊசிகளைத்தான். 1500 பாகை செல்சியசுக்கு மேல், சில கற்களுக்கு 1800 பாகை வரை சூடேற்றினால் அவை கரைந்து கல்லோடு கலக்கின்றன. உலைக்குள் காற்றோட்டம் குறைவாக இருந்தால் இரும்பும் டைட்டானியமும் நீலத்தைத் தரும் நிலையில் இணைகின்றன. கல் தெளிகிறது, நிறமும் பிறக்கிறது. வெளியிலிருந்து எதையும் சேர்க்கவில்லை. நீலம் கல்லுக்குள்ளேயே இருந்தது.

இவற்றில் எவை எப்போது உலகுக்குத் தெரிந்திருந்தன?

செயற்கை மாணிக்கம் செய்த பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்னெய், நீலக்கல்லையும் செய்ய முயன்றார். கோபால்ட்டைச் சேர்த்துப் பார்த்துத் தோல்வியுற்றவர், இறுதியில் இரும்பையும் டைட்டானியத்தையும் சேர்த்து வெற்றி கண்டார். 1911இல் அமெரிக்கா அதற்குக் காப்புரிமை வழங்கியது. அந்த ஆவணத்தைப் படித்த எவருக்கும் நீலத்தின் மூலப்பொருள்கள் அன்றே தெரிந்துவிட்டன. 1949இல் லிண்டே நிறுவனத்தின் பர்டிக், கிளென் என்ற இருவர் செயற்கை நட்சத்திரக் கற்களுக்குக் காப்புரிமை பெற்றனர். டைட்டானியம் கலந்த குருந்தத்தைத் தகுந்த வெப்பத்தில் வைத்திருந்தால் ரூட்டைல் ஊசிகள் படிகின்றன என்பது அதன் சாரம். வெப்பத்தால் பட்டு கல்லுக்குள் உருவாகும் என்றால், இன்னும் உயர்ந்த வெப்பத்தால் அது கரையும் என்பது அடுத்த படி. 1975 முதல் 1977 வரை யூனியன் கார்பைட் நிறுவனம் குருந்தத்தின் தோற்றத்தை வெப்பத்தால் மாற்றும் முறைகளுக்கு மூன்று காப்புரிமைகளைப் பெற்றது.

எழுத்தில் கிடைத்த அறிவு இது. கையில் இருந்த அறிவு இதைவிட மிகப் பழையது. பதினோராம் நூற்றாண்டிலேயே அல் பிரூனி மாணிக்கத்தை நெருப்பிலிடுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் அல் திஃபாஷி, சரந்தீப் என்று அரபியர் அழைத்த இலங்கையில் கல் சுடும் முறையை விவரித்திருக்கிறார். அண்மைக்காலம் வரை இலங்கையின் கல் வணிகர்களும் கைவினைஞர்களும் கரி அடுப்பும் ஊதுகுழலும் கொண்டு இதைச் செய்து வந்தனர். வாயால் ஊதி ஏறத்தாழ 1000 பாகை வரை வெப்பம் ஏற்றுவார்கள். நீலச்சாயல் படிந்த சிவப்புக் கல்லிலிருந்து அந்நீலத்தை நீக்குவதே பெரும்பாலும் நோக்கம். காற்றை ஊதி ஊதிச் சுடும்போது நீலம் மறைகிறது. நீலத்தைப் போக்கும் நுட்பத்தில் கைதேர்ந்தவர்கள் வாழ்ந்த ஊரில், காற்றைக் குறைத்துச் சுட்டால் நீலம் வரும் என்பது எவருக்கும் தோன்றவில்லை. ஊதுகுழல் எட்டும் வெப்பத்தில் தோன்றியிருந்தாலும் பயன் இருந்திராது.

சந்தபுரியில் 1968இல் ஏற்பட்ட தீ விபத்தொன்றில் வணிகர் ஒருவரின் கற்கள் நிறம் மாறியதால்தான் தாய்லாந்தினருக்கு இந்த எண்ணம் பிறந்தது என்று கல் வணிகரிடையே ஒரு கதை உண்டு. கதை எப்படியாயினும், அவர்கள் ஏற்கெனவே தம் நாட்டுக் கற்களைச் சுட்டுப் பழகியவர்கள். டீசல் எரிக்கும் உலைகள் அவர்களிடம் இருந்தன. ஆயிரக்கணக்கான கற்களைப் பாழாக்கிப் பார்க்கும் துணிவும் முதலும் இருந்தன. கண்டறிந்ததை அவர்கள் தொழில் இரகசியமாகக் காத்தனர். காப்புரிமை பெற வேண்டுமானால் செய்முறையை உலகுக்கு வெளியிட வேண்டும். இரகசியத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. 1981இல் நாசோ, கிரவுனிங்ஷீல்ட், இலங்கையரான குணரத்ன ஆகியோரின் கட்டுரைகள் வெளிவந்த பிறகே இவ்வறிவு ஆய்விதழ்களின் வழியே பரவலாயிற்று.

அப்படியானால் கெவுடாவைச் சுடுவது எளிதில் புலப்படக்கூடியதுதானா?

1966இல் அமெரிக்க நீதிபதி கைல்ஸ் ரிச் ஒரு தீர்ப்பில் காட்சியொன்றை வரைந்து காட்டினார். கண்டுபிடிப்பாளன் தன் பட்டறையில் அமர்ந்திருக்கிறான். அத்துறையின் முந்தைய ஆவணங்கள் அனைத்தும் சுற்றுச்சுவர்களில் தொங்குகின்றன. அவற்றையெல்லாம் பார்த்த கண்ணுக்கு அடுத்த படி தெரியுமா என்பதே கேள்வி. சட்டம் கற்பனை செய்யும் அந்த மனிதன் அனைத்தையும் படித்தவன், எதையும் மறவாதவன். அவன் சுவரில் 1911இன் ஆவணமும் 1949இன் ஆவணமும் அருகருகே தொங்குகின்றன. அவன் மேசையில் ஒரு கெவுடாக் கல்லும் இருக்கிறது. அவனுக்கு இது புலப்பட்டிருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் அப்படியொரு பட்டறை உலகில் எங்கும் இருந்ததில்லை. நியூயோர்க்கின் ஆய்வுக்கூடத்துச் சுவரில் ஆவணங்கள் இருந்தன. அங்கே கெவுடா இல்லை. இரத்தினபுரியில் கெவுடா காலடியில் கிடந்தது. அங்கே சுவர் வெறுமையாக இருந்தது. 1911க்கும் 1970களுக்கும் இடையே அறுபது ஆண்டுகள் கழிந்தன. கண்டபிறகு இது எவருக்கும் எளிது என்று தோன்றுவதைச் சட்ட அறிஞர்கள் பின்னோக்கிப் பார்க்கும் மயக்கம் என்பர். அறுபதாண்டுத் தாமதம் அந்த மயக்கத்தைத் தெளிவிக்கும் மருந்து.

இவ்விடத்தில் தோட்டங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சபரகமுவையின் மாணிக்கப் படுகைகள் வயல்களுக்கும் ஆற்றுப் படுகைகளுக்கும் அடியில் மட்டும் இல்லை. தேயிலைக்கும் இறப்பருக்கும் அடியிலும் அந்தச் சரளைப் படுகை ஓடுகிறது. இல்லம் என்று அதற்குப் பெயர். குழியில் கிடைப்பதை நிலத்துக்காரர், அனுமதிப்பத்திரம் பெற்றவர், நீர் இறைக்கும் இயந்திரத்தின் சொந்தக்காரர், குழியில் இறங்கி வேலை செய்பவர் என்று பங்கிட்டுக் கொள்வது அப்பகுதியின் வழக்கம். தோட்டத் தொழிலாளிக்கு நிலம் இல்லை. ஆகவே நிலப்பங்கும் இல்லை. நான்கைந்து தலைமுறைகளாக எந்த மண்ணின்மேல் கொழுந்து பறித்தாரோ, பால் வெட்டினாரோ, அந்த மண்ணுக்கு அடியில் கிடந்ததில் அவருக்கு உரிமை இருக்கவில்லை. குழி வேலைக்குப் போன தோட்டத்து இளைஞருக்குக் கிடைத்தது உழைப்புக்கான பங்கோ கூலியோதான்.

கெவுடா வணிகம் வளர்ந்த ஆண்டுகள் எவை என்று எண்ணிப் பாருங்கள். 1948இன் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 1964இன் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கையால் பங்கிடப்பட்ட மக்கள், குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாரில் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் லயன்களைத்தான் முதலில் தாக்கியது. 1977இலும் 1981இலும் 1983இலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழர் தாக்கப்பட்டனர். உயிர் தப்பியவர்கள் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்ச் சேர்ந்தனர். கெவுடாவின் இரகசியம் ஆய்விதழில் அச்சேறிய 1981ஆம் ஆண்டும் இவற்றுள் ஒன்று என்பதை வரலாற்று மாணவன் குறித்துக்கொள்ள வேண்டும். காலடியில் என்ன கிடக்கிறது என்று ஆராயும் அமைதி அந்த மக்களுக்கு வாய்க்கவில்லை. நாளை இந்த மண்ணில் இருப்போமா என்பதே அவர்களது கேள்வியாக இருந்தது.

பின்னாளில் இலங்கையரும் இக்கலையைக் கற்றுத் தேர்ந்தனர். லக்மினி என்ற பெயருடைய எரிவாயு உலைகள் உள்நாட்டிலேயே பயன்பாட்டுக்கு வந்தன. இரத்தினபுரியிலும் பேருவளையிலும் கல் சுடுவோர் பெருகினர். கெவுடா இப்போது எவரும் கொட்டி வைக்கும் சரளையன்று.

எனினும் பாடம் அத்தோடு முடியவில்லை. 2001ஆம் ஆண்டு முதல் தாய்லாந்திலிருந்து பத்மராகத்தை ஒத்த செம்மஞ்சள் கற்கள் திடீரெனக் குவிந்தன. இலங்கையின் பெருமையான பத்மராகத்தின் மதிப்பே ஆட்டம் கண்டது. 2002இன் தொடக்கத்தில்தான் ஆய்வுக்கூடங்கள் உண்மையைக் கண்டறிந்தன. கிரிசோபெரில் கற்களையும் சேர்த்துச் சுட்டதால், அவற்றிலிருந்த பெரிலியம் குருந்தத்துக்குள் ஊடுருவியிருந்தது. கிரிசோபெரில் நமக்குப் புதிய கல்லன்று. வைடூரியம் என்று நாம் போற்றுவது அதன் ஒரு வகையே. இரத்தினபுரியின் சரளையிலும் அது குருந்தத்தோடு சேர்ந்தே கிடைக்கிறது. இம்முறையும் பொருள் நம்மிடம் இருந்தது. அதிலிருந்து பிறந்த அறிவு மற்றோர் ஊரின் உலையில் உருவாயிற்று.

தாய்லாந்தினர் திருடினர் என்று நான் எழுத மாட்டேன். அவர்கள் விலை கொடுத்து வாங்கினர், முயன்று கண்டறிந்தனர். இலங்கையின் பழைய ஊதுகுழலைக் காட்டி இது எங்கள் மரபறிவு என்று வாதிட்டிருந்தால் நியாயமான நீதிமன்றம் எதுவும் ஏற்றிராது. கெவுடா எனக்குச் சொல்வது வேறு. ஓர் அறிவு அச்சில் வெளிவந்துவிட்டதால் மட்டும் அது எல்லோருக்கும் சொந்தமாகிவிடுவதில்லை. அதனைப் படிக்கப் பள்ளிக்கூடம் வேண்டும். சோதித்துப் பார்க்க உலை வேண்டும். தோற்றால் தாங்கிக்கொள்ள முதல் வேண்டும். நாளையும் இதே ஊரில் இருப்போம் என்ற உறுதி வேண்டும். தேர்ச்சியுடைய சாதாரண மனிதன் என்று சட்டம் ஒருவனைக் கற்பனை செய்கிறதே, அவனை உருவாக்குவது இவைதாம்.

தோட்டப் பள்ளிக்கூடங்களில் அறிவியல் ஆசிரியர் போதாது என்று மலையகத்திலிருந்து முறையீடு எழும்போதெல்லாம் எனக்குக் கெவுடா நினைவுக்கு வருகிறது. அந்த முறையீட்டைச் சம்பளப் பிரச்சினைக்கு அடுத்த சிறு செய்தியாகவே நாம் அச்சிட்டு வந்திருக்கிறோம். அது முதற்பக்கத்துக்கு உரிய செய்தி.