ஒதுக்கப்பட்டோர் குரலும் இசைத்தட்டும்

பழைய இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்டு மகிழும் அன்பர்கள் இந்நாளில் பெருகியிருக்கின்றனர். அரக்குத் தட்டுகளில் அடைபட்டிருந்த பாட்டுகள் கணினிக்கு மாற்றப்பட்டுவிட்டபடியால், ஊசியும் பெட்டியும் இன்றி வீட்டில் இருந்தபடியே அவற்றைக் கேட்க முடிகிறது. கேட்போர், இன்ன இராகம், இன்னார் பாணி என்று நுட்பமாக ஆராய்கின்றனர். நன்று. ஆயினும் அத்தட்டுகளில் பாடுகிறவர்கள் யார், அக்காலத்துச் சமூகம் அவர்களை எவ்விதம் நடத்திற்று என்று விசாரிப்போர் சிலரே. பாட்டை அனுபவிக்கும் நாம் பாடியவரின் வரலாற்றையும் அறிந்திருத்தல் கடமையன்றோ?

1902-ஆம் ஆண்டில் இலண்டன் கிராமபோன் கம்பெனியார், பிரெட் கைஸ்பர்க் என்பவரைக் கல்கத்தாவுக்கு அனுப்பினர். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அவர் பதிவு செய்தவர்களுள் புகழ் பெற்றவர் கௌஹர் ஜான் என்னும் மாது. அந்நாளில் ஒலிவாங்கி கிடையாது. வாயகன்ற குழல் ஒன்றன் முன் நின்று உரக்கப் பாடவேண்டும். அவ்வொலி ஒரு மெல்லிய தகட்டை அதிரச் செய்யும். தகட்டோடு இணைந்த ஊசி மெழுகுத் தட்டில் வரி கீறும். ஏறக்குறைய மூன்று நிமிஷத்தில் பாட்டை முடித்துவிட வேண்டும். மணிக்கணக்கில் விரியும் இராகத்தை மூன்று நிமிஷத்துக்குள் சுருக்குவது எளிய வித்தை அன்று. கௌஹர் ஜான் அதனைத் திறம்படச் செய்து, பாட்டின் முடிவில் தம் பெயரையும் ஆங்கிலத்தில் கூறினார். கல்கத்தாவில் 1908-ஆம் ஆண்டு தட்டுத் தொழிற்சாலை ஏற்படும் வரையில், இந்தியப் பாட்டுகள் ஜெர்மனி நாட்டு ஹனோவர் நகரில் அச்சாகித் திரும்பி வந்தன.

தென்னாட்டிலும் இதே கதைதான். குழலின் முன் வந்து நிற்க வித்துவான்களிற் பலர் தயங்கினர். வித்தை மலிந்துவிடும் என்று சிலர் எண்ணினர். கண்டவன் வீட்டிலும் தம் குரல் ஒலிப்பதா என்று சிலர் கூசினர். குடும்பப் பெண்களோ, பாடினால் மானம் போய்விடும் என்று வீட்டினுள் அடைக்கப்பட்டிருந்தனர். துணிந்து முன்வந்தவர்கள் தேவதாசிக் குலத்து மாதர்களே. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோர் இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே தட்டுகளில் பாடிவிட்டனர். எந்தப் பெண்ணைத் தம் மனைவியருக்குச் சமமாக உட்காரவைக்க மறுத்தார்களோ, அதே பெண்ணின் குரலைக் காசு கொடுத்து வாங்கிக் கூடத்தில் வைத்துக் குடும்பத்தோடு கேட்டார்கள் பெரியமனிதர்கள்! குரலுக்குத் தீட்டில்லை, குரலுடையாளுக்கு மட்டும் தீட்டு. இது எந்த நியாயம்?

கோயம்புத்தூர் தாயியின் தட்டு ஒன்று எவ்வளவு தூரம் சென்றது என்பதைக் கேளுங்கள். மோரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1912-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தார். தாயியின் பாட்டு அவர் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. இராமலிங்க அடிகளின் அருட்பாவை அவ்வம்மையார் இராகமாலிகையாகப் பாடிய தட்டினைத் துணையாகக் கொண்டு, ‘இராகமாலிகை’ என்ற பெயராலேயே பியானோவுக்கு ஓர் உருப்படி இயற்றினார் தெலாஜ். நம் நாட்டுச் சுருதியின் ஒலி கிடைக்கவேண்டுமென்று, பியானோவின் ஒரு தந்தியில் அட்டைத் துண்டு செருகி அதன் ஒலியை மட்டுப்படுத்தும்படியும் குறித்து வைத்தார்.

ஜாதிப் பிரிவினை வேண்டாம் என்று சொன்ன வள்ளலாரின் பாட்டு; தமிழ்ப் பாட்டு. அதனைப் பாடியவரோ ஜாதியால் ஒதுக்கப்பட்ட பெண். அந்தத் தமிழைப் பாரிஸ் நகரத்து வித்துவான் செவி தாழ்த்திக் கேட்டான். தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரி மேடையில் உரிய இடம் வேண்டும் என்று கோரி 1943-ஆம் ஆண்டில் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியபோது, தமிழுக்குச் சங்கீதம் பொருந்துமா என்று வினவிய மேதாவிகளும் இருந்தனர். முப்பதாண்டுக்கு முன்னரே தாயியின் தட்டு அவ்வினாவிற்கு விடை கூறிவிட்டது.

நாகரத்தினம்மாள் வரலாறு இன்னும் வீரம் மிக்கது. தஞ்சை அரசவையில் விளங்கிய முத்துப்பழனி என்னும் கணிகை தெலுங்கில் இயற்றிய ‘ராதிகா சாந்த்வனம்’ என்ற காவியத்தை 1910-ஆம் ஆண்டு பிழை நீக்கிப் பதிப்பித்தார். பெண் எழுதியது ஆபாசம் என்று கூக்குரல் எழுந்தது. சர்க்கார் நூலைத் தடை செய்தனர். தடை நீங்கியது 1947-இல். திருவையாற்றில் தியாகராஜரின் சமாதிக்குத் தம் பொருளைச் செலவிட்டுக் கோயில் எழுப்பிக் குடமுழுக்குச் செய்வித்தவரும் அவரே. அங்கு நடந்த ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை என்றனர். கட்டிடம் கட்டப் பெண்ணின் பணம் ஆகும். பாடப் பெண்ணின் வாய் ஆகாது! அம்மையார் அஞ்சவில்லை. பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார்.

ஒலிவாங்கி கொண்டு மின்சார முறையில் பதியும் வழக்கம் 1925-ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றியது. அதன் பிறகு மெல்லிய ஒலியும் தட்டில் ஏறிற்று. வீணை தனம்மாளின் விரல் நுட்பம் 1932-ஆம் ஆண்டில் கொலம்பியா தட்டுகளில் பதிந்தமையால்தான் இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. மதுரைச் சண்முகவடிவின் மகள் சுப்புலட்சுமி, பத்து வயதுச் சிறுமியாகத் தம் முதல் தட்டில் பாடினார். அவர்தாம் 1998-இல் பாரத ரத்தினம் ஆனார். நாகசுரக்காரர் தோளில் துண்டு போடுவதையும் பொறாத ஊர்கள் இருந்த காலத்தில், திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி, தட்டின் மூலம் எல்லார் வீட்டிலும் முழங்கிற்று.

இசைத்தட்டுக் கம்பெனியார் சீர்திருத்தக்காரர் அல்லர். அவர்கள் நாடியது இலாபம். எனினும் கோயிலும் சபையும் செய்யாத ஒன்றை அந்த அரக்குத் தட்டு செய்தது. வாங்குவோனை இன்ன ஜாதியா என்று கேட்கவில்லை, பாடுவோரையும் கேட்கவில்லை. கடல் கடந்து மலாயாவில் வாழ்ந்த தமிழனுக்கும் அதுவே சங்கீத சபையாயிற்று.

பெண்களுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமையை 1947-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் ஒழித்தது. அது வேண்டிய சட்டமே. அதில் இரண்டாம் பேச்சில்லை. ஒழியவேண்டியது வழக்கமே அன்றிக் கலைஞர் அல்லர். ஆனால் நடந்தது என்ன? இழிவு அப்பெண்களோடு தங்கிற்று; கலை மட்டும் பிறர் கைக்குச் சென்று, ‘புனிதம்’ என்று பெயர் பெற்றது. பாட்டைக் கற்றுக்கொண்டு பாட்டியை மறைத்த குடும்பங்களும் உண்டு.

ஆகவே, பழந்தட்டுகளைச் சேர்த்து மகிழும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இராகத்தின் பெயரை எழுதும் இடத்தில் பாடியவரின் பெயரையும் ஊரையும் முழுமையாக எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அப்பாட்டைக் கேட்பிக்கும்போது, பாடியவர் யார் என்பதையும் கூசாமல் சொல்லுங்கள். அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற செல்வத்திற்கு நாம் செலுத்தக்கூடிய வட்டி அதுவே. முதலைத் தீர்ப்பது என்றைக்கும் ஆகாது.