வேதிச் சமநிலை

மூடிய கலனில் ஒரு வேதிவினை முன்னோக்கி நடக்கும் வேகமும் அதே வினை பின்னோக்கி நடக்கும் வேகமும் ஒன்றாகிவிடும் நிலையே வேதிச் சமநிலை. இந்நிலையை எட்டியபின் கலனிலுள்ள பொருள்களின் செறிவோ நிறமோ அழுத்தமோ மாறுவதில்லை. பார்ப்பவருக்கு வினை நின்றுவிட்டதாகவே தோன்றும். ஆனால் நின்றது எதுவும் இல்லை. ஒரு பக்கம் உண்டாகும் அளவு மறுபக்கம் சிதைந்துகொண்டே இருக்கிறது.

தெவிட்டிய கரைசலில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். அடியில் உப்பு தங்கி நிற்கும் கரைசலில், அதே உப்பின் கதிரியக்கம் கொண்ட துகள்களைச் சிறிது போட்டால், கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவு கூடாது. இருந்தும் சிறிது நேரத்தில் மேலே உள்ள தெளிந்த நீரிலும் கதிரியக்கம் தென்படும். துகள்கள் கரைவதும் கரைந்தவை மீண்டும் படிவதும் ஓயாமல் நடப்பதற்கு இதுவே சான்று.

வாயுக்களில் இது கண்ணுக்கே தெரியும். நைட்ரஜன் டை ஆக்சைடு செம்பழுப்பு நிறமுடையது. அதன் இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்தால் நிறமற்ற டைநைட்ரஜன் டெட்ராக்சைடு உண்டாகும். இரண்டும் கலந்த, வாய் உருக்கி அடைத்த கண்ணாடிக் குழாயைப் பனிக்கட்டி நீரில் வைத்தால் நிறம் வெளுத்துப் போகும். வெந்நீரில் அமிழ்த்தினால் பழுப்பு திரும்பிவிடும். எத்தனை முறை மாற்றி மாற்றி வைத்தாலும் இதே கதைதான்.

உப்பு ஏரிகளில் கிடைத்த துப்பு

எந்தப் பொருள் எதனுடன் சேரும் என்பது அவற்றின் இயல்பிலேயே முடிவாகிவிட்ட ஒன்று என்று 18ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் நம்பினர். 1798இல் நெப்போலியனின் படையுடன் எகிப்துக்குச் சென்ற பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தோலே, அங்குள்ள நேட்ரான் ஏரிகளின் கரையில் சோடியம் கார்பனேட் படிந்திருப்பதைக் கண்டார். ஆய்வகத்தில் சோடியம் கார்பனேட்டையும் கால்சியம் குளோரைடையும் கலந்தால் சுண்ணமும் சாதா உப்பும்தான் கிடைக்கும். ஏரிக்கரையிலோ சுண்ணாம்புக்கல்லும் ஏராளமான உப்பும் சேர்ந்து அந்த வினையைத் தலைகீழாக நடத்தியிருந்தன. வினையின் திசையைப் பொருள்களின் அளவும் தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

இதற்குக் கணித வடிவம் தந்தவர்கள் நார்வேயைச் சேர்ந்த மைத்துனர்களான குல்ட்பெர்க்கும் வாகேயும். 1864இல் அவர்கள் வெளியிட்ட நிறைதாக்க விதியிலிருந்து சமநிலை மாறிலி என்ற கருத்து வளர்ந்தது. வெப்பநிலை மாறாதவரை, விளைபொருள்களின் செறிவுக்கும் வினைபடு பொருள்களின் செறிவுக்கும் இடையே உள்ள இந்த விகிதம் மாறாது.

ஊது உலையும் சுண்ணாம்புக் காளவாயும்

அழுத்தம், வெப்பநிலை, செறிவு ஆகியவற்றில் ஒன்றை மாற்றினால், அந்த மாற்றத்தின் விளைவைக் குறைக்கும் திசையில் சமநிலை நகரும் என்று 1884இல் லீ சாட்லியர் கூறினார். இரும்பு உருக்கும் ஊது உலைகளை அவரே உதாரணம் காட்டினார். உலைப் புகையில் நிறைய கார்பன் மோனாக்சைடு வீணாக வெளியேறியது. தாதுவோடு அது சேர்ந்திருக்க நேரம் போதவில்லை என்று கருதி, இங்கிலாந்தில் உலைகளை மேலும் மேலும் உயரமாகக் கட்டினர். பணம் போனதே தவிர வாயுவின் விகிதம் குறையவில்லை. சமநிலையை எட்டிவிட்ட வினைக்கு நேரத்தைக் கூட்டிக் கொடுத்துப் பயனில்லை.

சுண்ணாம்புக் காளவாயில் நடப்பது இதற்கு நேர்மாறு. சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுண்ணாம்புக்கல் நீற்றாத சுண்ணாம்பாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. காளவாய் திறந்திருப்பதால் வாயு காற்றோடு போய்விடுகிறது. திரும்பிச் சேர ஆள் இல்லாததால், வினை கடைசிவரை முன்னோக்கியே செல்கிறது.

வேகம் வேறு, சமநிலை வேறு

நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. நான்கு மூலக்கூறுகள் இரண்டாகக் குறைகின்றன. ஆகவே தாழ்ந்த வெப்பநிலையும் உயர்ந்த அழுத்தமும் அம்மோனியாவுக்குச் சாதகம். சிக்கல் என்னவென்றால், தாழ்ந்த வெப்பநிலையில் நைட்ரஜனின் முப்பிணைப்பு எளிதில் அசைந்து கொடுக்காது. வெப்பத்தைக் கூட்டினால் வினை விரையும், விளைச்சல் குறையும். வினையூக்கி இரு திசைகளின் வேகத்தையும் ஒரே அளவில் கூட்டுவதால் சமநிலையை விரைவில் எட்ட உதவுமே தவிர, அதை இம்மியும் நகர்த்தாது.

1909இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் ஃப்ரிட்ஸ் ஹேபர், உயர் அழுத்தமும் ஆஸ்மியம் வினையூக்கியும் கொண்டு அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக எடுத்துக் காட்டினார். கார்ல் பாஷ் அதை ஆலை அளவுக்குக் கொண்டுசென்றார். 1913இல் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. விலையுயர்ந்த ஆஸ்மியத்தின் இடத்தை, மிட்டாஷ் குழுவினர் ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பின் கண்டெடுத்த இரும்பு வினையூக்கி பிடித்தது.

ஆலைகளில் பொதுவாக 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், 200 வளிமண்டலத்தை ஒட்டிய அழுத்தத்தில் வினை நடக்கிறது. ஒரு சுற்றில் அம்மோனியாவாக மாறுவது சுமார் 15 விழுக்காடுதான். உண்டான அம்மோனியாவைக் குளிர்வித்துத் திரவமாகப் பிரித்தெடுத்து, மிஞ்சிய வாயுவை மறுபடி உலைக்குள் செலுத்துகிறார்கள். தூத்துக்குடி ஸ்பிக் ஆலையின் யூரியாவுக்குத் தேவையான அம்மோனியாவும் இந்த முறையில்தான் தயாராகிறது.